உழுவதற்கு முன் ரயில் பாதை ஓரத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில் வீட்டோடு சேர்த்து 12 ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள். அதில் 3 ஏக்கரில், போன ஆண்டுவரை மக்காச்சோளம் விளைந்த நிலத்தில், பழைய பிரெய்ரிப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர ஆசை. ஏப்ரலில் ரொட்டவேட்டர் ஓட்டி, கடையில் வாங்கி வைத்திருக்கும் ‘காட்டுப்பூ’ விதையைத் தூவினால் ஆகஸ்டில் பூக்குமா என்கிறீர்கள். தீ வைத்துத்தான் ஆகவேண்டுமா, வீட்டில் பயப்படுகிறார்கள் என்கிறீர்கள். கடைசியாக, போகிறபோக்கில் ஒரு வரி: கிழக்கு எல்லையில் ரயில் பாதையை ஒட்டி ஒரு களைக்காடு இருக்கிறது, ஆளை மறைக்கும் உயரத்தில் மஞ்சள் பூச்செடிகள், இலை உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, அதை வெட்டிச் சமமாக்கி மேப்பிள் கன்றுகள் வைக்கலாமா?

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மற்ற கேள்விகள் எனக்கு மறந்தே போயின. அதை வெட்டாதீர்கள். மருந்தும் அடிக்காதீர்கள். வரும் ஜூலையில் அந்தச் செடியின் அடியில் போய் உட்கார்ந்து பாருங்கள். அடியிலைகள் ஒரு முழ நீளத்தில், பப்பாளி இலைபோல் ஆழமாகப் பிளந்து, தரையில் படியாமல் செங்குத்தாக நிற்கின்றனவா? இலையின் விளிம்புகள் வடக்கு தெற்காகவும், தட்டையான இரு முகங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்தபடியும் இருக்கின்றனவா? தண்டைக் கீறினால் பிசின் கசிகிறதா? ஆம் என்றால் அது காம்பஸ் செடி. உச்சி வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டி, காலை மாலை வெயிலை முகம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் செடி அது. வேர் 15 அடி வரை இறங்கும். உழுத நிலத்துக்குத் தானாக வந்து குடியேறும் சுபாவம் அதற்குக் கிடையாது. நான்கைந்து செடிகள் அங்கே நின்றால், அந்த மண் இன்றுவரை கலப்பையைக் கண்டதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ரயில் பாதை ஓரத்தில் ஏன் என்று கேட்பீர்கள். 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் இதே மாநிலத்தின் கிராண்ட் டீட்டூர் ஊரில் எஃகுக் கலப்பை செய்தார். அதற்கு முன்பு இந்தக் கறுப்பு மண் இரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டு உழவனைப் பாடாய்ப் படுத்தும். எஃகில் மண் ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அதோடு புல்வெளியின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் 1850களில் இங்கே ரயில் போட்டபோது, பாதையின் இருபுறமும் ஒரு பட்டை நிலம் ரயில்வேக்கென்று ஒதுங்கியது. அங்கே கலப்பை நுழையவில்லை. போதாக்குறைக்கு நீராவி எஞ்சினின் தீப்பொறி அவ்வப்போது விழுந்து சருகை எரித்துக்கொண்டே இருந்தது. கலப்பை படாத மண், அவ்வப்போது தீ என்று, யாரும் நினைத்துச் செய்யாமலே புல்வெளிக்கு வேண்டிய இரண்டும் கிடைத்துவிட்டன. பழைய இடுகாடுகளிலும் இப்படித்தான் பிழைத்தது. வந்தேறிக் குடியானவர்கள் தங்கள் பிணங்களைப் புதைத்த ஓர் ஏக்கர், ஐந்து ஏக்கர் துண்டுகளை யார் உழுவார்கள்? சிகாகோவில் உயிரியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் பெட்ஸ், 1960களிலிருந்து இந்த இடுகாடுகளையும் ரயில் ஓரங்களையும் தேடி அலைந்து, எஞ்சிய துண்டுகளை அடையாளம் காட்டினார். இல்லினாயில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1970களில் மாநிலம் முழுக்கக் கணக்கெடுத்தபோது தரம் கெடாமல் மிஞ்சியிருந்தது 2,300 ஏக்கர் சொச்சம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் வேலியோரத்தில் அதில் ஒரு துணுக்கு இருக்கக்கூடும். நீங்களோ அங்கே மேப்பிள் வைக்கப் பார்க்கிறீர்கள்!

ஆகவே என் முதல் யோசனை, வேலையின் வரிசையை மாற்றுங்கள். அந்த ஓரம் முதலில், மூன்று ஏக்கர் பிறகு. நில அளவை வரைபடத்தை எடுத்து அது உங்களுடையதா ரயில்வேயுடையதா என்று பாருங்கள். ரயில்வேயுடையது என்றால் அதற்குள் கால் வைக்கவே அனுமதி வேண்டும். உங்களுடையது என்றால், மாவட்ட வனப் பாதுகாப்பு அமைப்பிலோ இயற்கைக் காப்பக ஆணையத்திலோ சொல்லி, செடி தெரிந்த ஒருவரை ஜூனில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் கூட்டி வந்து காட்டுங்கள். ஒரே தடவை பார்த்தால் பாதிச் செடிகள் கண்ணில் படாது.

அங்கே செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: புதர் நீக்குவது. பக்தார்ன், புதர் ஹனிசக்கிள், ஆட்டம் ஆலிவ் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து வந்தவை, நிழல் போட்டே புல்லைக் கொன்றுவிடும். குளிர்காலத்தில், மண் உறைந்திருக்கும்போது கைரம்பத்தால் வெட்டுங்கள். வெட்டிய கையோடு அடிக்கட்டையில் களைக்கொல்லியைச் சிறிய தூரிகையால் தடவிவிட வேண்டும். நாளைக்குத் தடவலாம் என்று விட்டால் வெட்டுவாய் காய்ந்து மருந்து உள்ளே போகாது. வசந்தத்தில் ஒன்று நான்காகத் துளிர்க்கும். தெளிப்பான் வேண்டாம், தூரிகைதான்.

இனி உங்கள் மூன்று ஏக்கர். ஏப்ரலில் உழுது விதைக்காதீர்கள். இதை அனுபவப்பட்டே சொல்கிறேன். 14 ஆண்டுகளுக்கு முன் அரை ஏக்கரில் நான் செய்தது அதே காரியம்தான். பொடிப்பொடியாக உழுதேன். நம் ஊரில் நிலக்கடலைக்குப் பண்படுத்துவதுபோல அவ்வளவு அழகாக இருந்தது. ஜூனில் பார்த்தால் ராக்வீட் என்ற களை இடுப்பளவு, அதன் கீழே தினைப்புல் ஜமுக்காளம் விரித்ததுபோல. மண்ணுக்குள் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த களை விதையையெல்லாம் நானே மேலே கொண்டுவந்து எழுப்பிவிட்டிருந்தேன். விதைத்த செடி ஒன்றையும் காணோம். இரண்டாம் ஆண்டு மனம் வெறுத்து எல்லாவற்றையும் மருந்தடித்து அழித்தேன். அழித்த பிறகு ஓர் ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்தபோதுதான், கருகிக் கிடந்த தாள்களில் சில அடியில் தட்டையாக, லேசாகச் சிவந்து, மயிர் படர்ந்து இருப்பதைக் கண்டேன். பிக் புளூஸ்டெம் புல்லின் நாற்று. ஒரு விரல் உயரம்கூட இல்லை. அதுவரை அது வேர் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, நான் மேலே தேடியிருக்கிறேன்.

உங்களுக்கு என் அறிவுரை இது. பக்கத்து விவசாயி மிச்ச 9 ஏக்கரைக் குத்தகைக்குப் பயிரிடுகிறார் என்கிறீர்களே, இந்த 3 ஏக்கரிலும் இந்த ஆண்டு சோயா போடச் சொல்லுங்கள். சோயாவுக்கு அவர் அடிக்கும் களைக்கொல்லி உங்கள் களைகளை இன்னொரு பருவம் குறைக்கும், குத்தகையும் வரும். அறுவடைக்குப் பிறகு சோயா நிலத்தில் குப்பை குறைவு. மண் இறுகி, வெறுமையாக, விதை தரையைத் தொடும்படி இருக்கும். இதைவிட நல்ல விதைப்படுகை காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதை உழவும் வேண்டாம். ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: போன ஆண்டு மக்காச்சோளத்துக்கு என்ன மருந்து அடித்தார், இந்த ஆண்டு என்ன அடிக்கப்போகிறார்? மண்ணில் தங்கும் மருந்துகள் உண்டு. அட்ரசின் என்ற களைக்கொல்லியைப் பிக் புளூஸ்டெம் தாங்கிக்கொள்ளும், பல பூச்செடிகள் தாங்கா. விதைத்த பிறகும், பக்கத்து வயலில் டைகாம்பா என்ற களைக்கொல்லி அடித்தால் அது காற்றில் வந்து உங்கள் பூச்செடிகளின் இலையைச் சுருட்டிவிடும். அவரோடு நல்ல உறவில் இருங்கள் என்பதுதான் இதற்கெல்லாம் மருந்து.

கடையில் வாங்கிய விதையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். ‘காட்டுப்பூ’ என்ற பெயரில் விற்கும் பைகளில் பெரும்பாலும் ஒரே ஆண்டில் பூத்து மடியும் வெளியூர்ச் செடிகள்தான் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த டேம்ஸ் ராக்கெட் பலவற்றில் உண்டு. இங்கே அது காட்டோரங்களை ஆக்கிரமிக்கும் களை. நல்ல விதை என்று நம்பி வாங்கியதிலும் ஏமாந்திருக்கிறார்கள். 2016இல் அயோவாவிலும் அண்டை மாநிலங்களிலும் அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த நிலங்களில் விதைத்த கலவைகளோடு பால்மர் அமராந்து என்ற களை பரவிவிட்டது. நம் தண்டுக்கீரையின் சொந்தக்காரன்தான் அது. ஆனால் ஆள் உயரம் போகும், பல களைக்கொல்லிகளுக்கு அசையாது. ஆகவே பரிசோதனைச் சீட்டு இல்லாத விதையைத் தொடாதீர்கள். சீட்டில் மொத்த எடையைப் பார்க்காமல், அதில் உயிருள்ள தூய விதை எவ்வளவு என்ற கணக்கைப் பாருங்கள்.

எடையை வைத்துக் கலவை போடுவதும் ஏமாற்றும். ஓர் அவுன்ஸ் காம்பஸ் செடி விதையில் ஏறத்தாழ 660 விதைகள் இருக்கும். கல்வர்ஸ் ரூட் என்ற வெள்ளைப் பூச்செடியில் அதே ஓர் அவுன்ஸில் சுமார் 8 லட்சம். முன்னது சூரியகாந்தி விதைபோல், பின்னது மூக்குப்பொடிபோல். ஆகவே சதுர அடிக்கு எத்தனை விதை என்று கணக்கிட வேண்டும். 50 என்று வையுங்கள். 3 ஏக்கர் என்பது 1,30,680 சதுர அடி. ஏறக்குறைய 65 லட்சம் விதைகள். அதில் பாதிக்கு மேல் பூச்செடிகளாக இருக்கட்டும். புல் விதை மலிவு, பூ விதை விலை அதிகம் என்பதால் எல்லாரும் புல்லைக் கூட்டுவார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் தோள் உயரத்துக்கு வெறும் புல் நிற்கும். பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் இரண்டும் வலுத்த ஆட்கள், அவற்றைக் கைப்பிடியாகச் சேருங்கள். சுவிட்ச்கிராஸை நான் சேர்ப்பதே இல்லை. வேண்டுமென்றால் அதுவே வந்துவிடும். உயரம் குறைந்த லிட்டில் புளூஸ்டெம், சைடோட்ஸ் கிராமா இரண்டும்தான் பூச்செடிகளுக்கு இடம் விடும் புற்கள். உங்கள் ரயில் ஓரம் உண்மையிலேயே பழைய பிரெய்ரி என்று தெரிந்தால், அங்கிருந்து அக்டோபரில் கையால் உருவிச் சேர்க்கும் விதைக்கு ஈடான விதை எந்தக் கடையிலும் இல்லை. ஒரு செடியில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

விதைப்பது நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ. இங்கத்திய பூச்செடிகளில் பலவற்றின் விதை, ஈரத்தோடு ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைக்கும். மண் உறைவதும் உருகுவதுமாக இருக்கும்போது விரிசலில் விதை தானே இறங்கிக்கொள்ளும். கால் அங்குலத்துக்குக் கீழே புதைந்தால் சிறிய விதை மேலே வராது, ஆகவே புதைக்கும் கவலையே வேண்டாம். விதையை ஈர மரத்தூளோடு பிசிறி இரண்டு பங்காக்குங்கள். முதல் பங்கை வடக்கு தெற்காக நடந்தும், இரண்டாவதைக் கிழக்கு மேற்காக நடந்தும் வீசுங்கள். தரையில் லேசாகப் பனி படிந்திருக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பது அப்பட்டமாகத் தெரியும்.

ஆகஸ்டில் பூக்குமா என்ற கேள்விக்கு இப்போது பதில்: அடுத்த ஆகஸ்டிலும் பூக்காது. முதல் ஆண்டு நீங்கள் பார்க்கப்போவது களைதான். அது ஓர் அடி வளரும்போதெல்லாம் ஐந்தாறு அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஒரு கோடையில் நான்கைந்து முறை. நாற்று அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கும், வெட்டு அதன்மேல் படாது, வெளிச்சம் மட்டும் கிடைக்கும். களையைப் பிடுங்கப் போகாதீர்கள், பக்கத்து நாற்றும் சேர்ந்து வந்துவிடும். இரண்டாம் ஆண்டு ஓரிரு வெட்டு போதும். பிளாக் ஐட் சூசன் மஞ்சளாகப் பூத்து உங்களுக்கு ஆறுதல் சொல்லும். மூன்றாம் ஆண்டில்தான் பெர்கமாட், கோன்ஃப்ளவர் பூக்கள், புற்களின் கதிர் எல்லாம். காம்பஸ் செடிக்கு அதுவும் போதாது. விதையிலிருந்து பூ வர ஏழெட்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும். இதற்கிடையில் ஸ்வீட் குளோவர் என்ற களை தலை காட்டினால் மட்டும் இரக்கம் வேண்டாம். பூக்கத் தொடங்கும்போது தரையோடு சேர்த்து அறுத்துவிடுங்கள். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

தீக்கு வருகிறேன். ஆம், வைத்துத்தான் ஆகவேண்டும். கரும்புத் தோகை எரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படியும் பிக் புளூஸ்டெம் முதன்முறை பற்றியபோது இரண்டடி பின்வாங்கினேன். ஒரு பெரிய தார்ப்பாயைக் கிழிப்பதுபோல் சத்தம், பத்தடிக்கு மேல் ஜுவாலை, பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கி முழங்கால் அளவு புகை. இரண்டு வாரத்தில் அந்தக் கறுப்பின் மீது ஊசி ஊசியாகப் பச்சை. புல்லின் வளரும் முனை மண்ணுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. புதருக்கும் மரக்கன்றுக்கும் அது வெளியே இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். எரிந்து கறுத்த மண் வெயிலில் சீக்கிரம் சூடேறுவதால் வெப்பக்காலப் புற்கள் முந்திக்கொள்ளும். சீக்கிரமே துளிர்த்துவிட்ட ஸ்மூத் புரோம் போன்ற, குளிர்ந்த பருவத்தில் வளரும் புற்கள் அடி வாங்கும். பொட்டாவாட்டமி போன்ற இந்த மண்ணின் பழங்குடிகள் தெரிந்தேதான் இதைச் செய்துவந்தார்கள்.

ஆனால் நீங்களாகச் செய்யாதீர்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதி வாங்கி, தீயணைப்பு நிலையத்துக்கும் ரயில்வேக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லி, பயிற்சி பெற்ற குழுவை வைத்துச் செய்யுங்கள். முதல் மூன்று ஆண்டும் அவர்களோடு கூட நின்று பழகுங்கள். சுற்றிலும் வெட்டி வாரிய தீத்தடுப்புக் கோடு இருக்கும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்த எல்லையில்தான் முதல் தீ. அது காற்றை எதிர்த்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் ஊர்ந்து, ஓர் அகலமான கருகல் பட்டையை உண்டாக்கும். அதன் பிறகே எதிர்ப்பக்கம் பற்றவைப்பார்கள். ஓடிவரும் தீ கருகலில் மோதித் தானாக அணையும். காற்று மணிக்கு 15 மைலைத் தாண்டினால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். காற்றே இல்லாத நாளும் ஆகாது, தீ எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. பாலியஸ்டர் உடுப்பு கூடவே கூடாது, உருகித் தோலில் ஒட்டும். பருத்தி போடுங்கள். வீட்டில் பயப்படுபவரை ஒருமுறை பொதுப் புல்வெளி ஒன்றில் நடக்கும் எரிப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பயம் போகாது, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் எரிக்காதீர்கள். மூன்று துண்டாக்கி ஆண்டுக்கு ஒன்று. ரீகல் ஃப்ரிட்டிலரி வண்ணத்துப்பூச்சியின் புழு குளிர்காலத்தை அந்தச் சருகுக்குள்தான் கழிக்கிறது. எல்லாவற்றையும் எரித்தால் திரும்பி வருவதற்கு ஆள் இருக்காது. அதற்காக இடைவெளியை நீட்டிக்கொண்டும் போகக் கூடாது. கான்சாஸின் கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலத்தில், மூன்று ஆண்டுக்கு மேல் தீ படாத இடங்களைப் புதர் பிடித்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். அதே இடத்தில் கண்ட இன்னொன்று: ஆண்டுதோறும் வசந்தத்தில் எரித்து, மேய்ச்சல் இல்லாமல் விட்டால் உயரப் புல் மட்டும் கொழுத்துப் பூச்செடிகள் குறையும். 1987இல் பைசன் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை புல்லைத் தேடித் தின்று பூச்செடிகளை விட்டுவைக்க, முப்பது ஆண்டுகளில் செடிவகைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மூன்று ஏக்கரில் எருமை விட முடியாது. அதற்குப் பதில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜூலையில் ஒரு துண்டை வைக்கோலுக்கு வெட்டி வெளியே எடுங்கள், எரிக்கும் பருவத்தையும் மாற்றுங்கள். உட் பெட்டனி என்ற சிறிய செடியையும் கலவையில் சேருங்கள். அது புல் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி. புல்லை அடக்க அதுதான் இங்கே ஏழையின் எருமை.

மேப்பிள் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பொபோலிங்க், ஹென்ஸ்லோ சிட்டு போன்ற புல்வெளிப் பறவைகள் மரவரிசைக்குப் பக்கத்தில் கூடு கட்டத் தயங்கும். பருந்து உட்கார அதுவே மேடை. புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து மரம் வைக்கும் புத்தி நமக்கும் பழையதுதான். நீலகிரியின் மலைப் புல்வெளிகளில் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டுவிட்டு, இன்று சீகையை அகற்ற என்ன பாடு படுகிறார்கள் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் பழைய பிரெய்ரி வந்துவிடுமா? வராது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரப் பூங்காவில் 1930களின் நடுவில் தொடங்கிய கர்டிஸ் பிரெய்ரிதான் இந்த வேலைக்கே முன்னோடி. சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு முதலானோர் முன்னின்று செய்தது. ஏறத்தாழ 90 ஆண்டு ஆகியும் அங்கே களையோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிகாகோவுக்கு மேற்கே ஃபெர்மி துகள் ஆய்வகத்தின் துகள்முடுக்கி வளையத்துக்குள் பெட்ஸ் 1975இல் தொடங்கியதும் அப்படித்தான். முதலில் முரட்டுச் செடிகளை விதைத்து, மண் பழகிய பின் கூச்சமுள்ளவற்றைக் கட்டம் கட்டமாகச் சேர்த்தார். நீங்களும் எல்லா விதையையும் முதல் குளிர்காலத்திலேயே கொட்டிவிடாமல், விலை உயர்ந்தவற்றை மூன்றாம் நான்காம் ஆண்டுக்கு எடுத்துவையுங்கள். ஒவ்வொரு எரிப்புக்குப் பிறகும் அந்தக் கறுப்பு மண்ணில் ஒரு பிடி தூவலாம்.

இந்த வாரக் கடைசியில் செய்யவேண்டியது சிறிய வேலை. நான்கு மூங்கில் குச்சியும் கொஞ்சம் கிழிந்த துணியும் எடுத்துக்கொண்டு ரயில் ஓரத்துக்குப் போங்கள். போன ஆண்டுத் தண்டுகள் காய்ந்து இன்னும் நின்றுகொண்டிருக்கும். காம்பஸ் செடித் தண்டு கெட்டியாக, மொரமொரப்பாக, மேலே விதை உதிர்ந்த கிண்ணங்களோடு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துணி கட்டி எண்ணுங்கள், அந்தத் திட்டின் நான்கு மூலையிலும் குச்சியை நடுங்கள். குத்தகைக்காரர் மருந்துத் தெளிப்பான் ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புவதற்குள், எந்தக் குச்சிக்கு அப்பால் வரக்கூடாது என்பதை அவரிடம் காட்டிவிடுங்கள். ஜூலையில் இலையைப் படமெடுத்து அனுப்புங்கள். எடுக்கும்போது நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.